பின் சில்லில் காற்றில்லை

என் மோட்டார்சைக்கிளுக்கு இருக்கை இல்லை. உடைந்து போகவும் இல்லை, யாரும் களவெடுக்கவும் இல்லை. செய்யும்போதே வைக்கவில்லை. பாறையிலும் மரக்குற்றியிலும் மெதுவாக ஏறி இறங்குவதற்கென்றே செய்த பைக் அது. நின்றுகொண்டுதான் ஓட வேண்டும். இதைக் கட்டைபறிச்சான் சந்தியில் சொல்லியிருக்கிறேன், மூதூர் இறங்குதுறையில் சொல்லியிருக்கிறேன், ஆஸ்பத்திரி வரிசையில் துண்டெடுக்க நிற்கும்போதுகூட ஒருவர் கேட்டுச் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கும் மனதில் ஏறவில்லை. சந்தியில் வெல்டிங் கடை வைத்திருப்பவர் என்னைக் காணும்போதெல்லாம், "கொண்டு வாரும், பின்னேரத்துக்குள்ள சீற் ஒண்டு அடிச்சுத் தாறன்" என்பார். இரக்கத்தில்தான் சொல்கிறார். இரக்கப்படுகிறவர்களோடு சண்டை பிடிக்க முடியாது. இந்த ஊரில் எனக்குள்ள பெரிய தொல்லையே அதுதான்.

இருக்கைக் கதையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது காற்று. இந்த பைக்கின் பின் சில்லில் காற்று மிகக் குறைவாக இருக்க வேண்டும். பெருவிரலால் அமுக்கினால் ரயர் உள்ளே போக வேண்டும். அப்போதுதான் அது பாறையில் நசுங்கிப் பரந்து பிடித்துக்கொள்ளும். இறுக அடித்தால் பந்து மாதிரித் துள்ளி வழுக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் ஸ்ராண்டை மடிக்காமல் ஓடினாலோ, பகலில் லைற் எரிந்தாலோ, பின்னால் இருக்கிற பெண்ணின் சேலை சில்லுப் பக்கம் தொங்கினாலோ, காண்கிறவர்கள் எல்லோரும் சத்தம் போட்டுச் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது பாவம். நல்ல பழக்கம்தான். அதனால் தப்பிய உயிர்களும் இருக்கும். நான் வயல் பாதையில் போனால் வரம்பில் நிற்கிறவர் மண்வெட்டியை நட்டுவிட்டுக் கத்துவார்.

"தம்பி, பின்னுக்குக் காத்தில்லை!"

"ஓம் அண்ணை, தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ ஓடுறாய்? ரியூப் கிழியப்போகுது!"

இதில் ரியூப் இல்லை என்று சொல்ல வாயெடுத்தால், சீற் ஏன் இல்லை என்று கேட்பார். ஆகையால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன்.

இந்த பைக்கை ஓட நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எதையுமே அதிகம் படிக்கவில்லை. சண்டையில் சம்பூரை விட்டு ஊரே வெளிக்கிட்டபோது நான் சின்னப் பொடியன். முகாமுக்கு முகாம் மாறினோம். ஒரு முகாமில் மரத்தின் கீழ்ப் பள்ளிக்கூடம், அடுத்ததில் மரமும் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு எழும்பிவிட்டேன். பிறகு வெருகலில் மாடு பார்த்தேன், கிண்ணியாவில் மண் ஏற்றினேன், கொழும்பில் சீமெந்து குழைத்தேன். ஓரிடத்தில் இருக்கச் சரிவராது எனக்கு. கடைசியில் மத்திய கிழக்குக்குப் போய், பாலைவன ஓரத்தில் வெள்ளைக்காரர் பைக் ஓடுகிற ஒரு கழகத்தில் பைக் கழுவுகிற வேலை. கழுவிய பைக்கைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். இடையில் கற்குவியல் இருந்தது. சுற்றிப் போகலாம். நான் சுற்றிப் போகவில்லை. அப்படித்தான் பழகினேன். கால் நிலத்தில் பட்டால் பிழை என்பது அவர்களின் ஆட்டத்தின் ஒரே பெரிய சட்டம். அதையும் அங்கேதான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கழகம் மூடியபோது கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை, ஊருக்கு வந்துவிட்டேன்.

நிலாவெளியில் பூட்டிக் கிடந்த ஒரு விடுதியின் பின் கொட்டிலில்தான் இந்த பைக்கைக் கண்டேன். ஒரு வெள்ளைக்காரர் கொண்டுவந்தது, விட்டுவிட்டு அவர் போய்விட்டார். இடிந்த சுற்றுமதிலைக் கட்டித் தந்தால் எடுத்துக்கொண்டு போ என்றார் விடுதியைப் பார்க்கிறவர். கட்டினேன். கொண்டுவந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தது. எஞ்சினுக்குள் போகிற காற்றை வடிக்கிற பஞ்சு தொட்டவுடன் மாவாய் உதிர்ந்தது. கிளச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உப்புக் காற்று ஒவ்வொரு ஆணியையும் அதன் ஓட்டையோடு சேர்த்து விழுங்கியிருந்தது. இந்தக் கரையில் எதைத் துடைத்து வைத்தாலும் மறுநாள் காலையில் துரு வந்து உட்கார்ந்திருக்கும். செயினுக்கு எண்ணெய் விடாத நாள் கிடையாது. வேறொரு பழைய பைக்கின் கிளச் தட்டுகளை அரத்தால் ராவிப் பொருத்தினேன். மூன்றாம் முறைதான் பொருந்தியது. பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுகிற எஞ்சின் என்பதால் அது பற்றி மட்டும் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. மீன்பிடிக்கிறவர்கள் தங்கள் வள்ள எஞ்சினுக்கும் அப்படித்தான் கலக்கிறார்கள். எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கட எஞ்சின்தான், சில்லு பூட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரிலேயே எனக்கு நிம்மதி தந்த மனிதர்கள் அவர்கள்தான்.

இதற்கிடையில் கையில் வேலை இல்லை. அக்கா வீட்டில் சாப்பாடு, அத்தானின் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு உதவி. மூதூரில் உள்ள ஏஜென்ட் திரும்பவும் வெளிநாட்டுக்கு ஒரு சரக்குக் கிடங்கு வேலை பார்த்திருந்தார். என் பாஸ்போர்ட்டும் அவரிடம் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொன்னால் ரிக்கற் வரும். ஒரு பெட்டி அறைக்குள் அடுக்குக் கட்டில்களில் படுத்த காலம் எனக்கு மறக்கவில்லை. போக விருப்பமில்லை. ஆனால் இங்கே இருப்பதற்கும் ஒரு காரணம் வேண்டுமே. அக்கா ஒன்றும் சொல்லமாட்டா. "போறதெண்டால் போ" என்பா. அப்படிச் சொல்கிற நாளில் மட்டும் எனக்குப் பிடித்த நண்டுக் கறி இருக்கும்.

அந்த வாரத்தில்தான் உப்புவெளியில் விடுதி நடத்துகிற ஒருவர் ஆள் அனுப்பி விசாரித்தார். கடலும் கடலடிச் சுழியோட்டமும் பார்த்து அலுத்த வெள்ளைக்காரருக்குப் பாறையில் பைக் ஓடப் பழக்க வேண்டுமாம். பைக்குகளைத் தானே வெளிநாட்டிலிருந்து இறக்குவாராம். பழக்குவதற்கு ஒருவன் வேண்டும். ஆனால் நான் ஏறுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். ஏறினால் இங்கே இருப்பேன். ஏறாவிட்டால் கிடங்கு.

சூடைக்குடாவுக்கு அங்கால் கடலோரத்தில் நான் பழகுகிற பாறை இருக்கிறது. கீழே சரிவு, நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு படி, அதற்கு மேல் வழவழப்பான முதுகு. புதன்கிழமை பின்னேரம் பெருவிரலால் அமுக்கி அமுக்கிக் காற்றை அளவாக்கி வைத்தேன். பைக்குக்கு இலக்கமும் இல்லை, லைற்றும் இல்லை, தெருவில் ஓட ஏலாது. அத்தான் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவருவது, நான் சந்தியில் நின்று விடுதிக்காரரின் வாகனத்துக்கு வழி காட்டி வருவது என்று ஏற்பாடு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பைக் இறக்கி வைத்திருந்தது. அத்தான் அதைத் துடைத்தும் இருந்தார். விடுதிக்காரர் இறங்கி, பாறையை அண்ணாந்து பார்த்தார்.

"இதிலயோ ஏறப்போறீங்கள்?"

"ஓம் சேர்."

"நடந்து ஏறவே பயமாக் கிடக்கு."

ஸ்ராட் செய்து ஏறினேன். சரிவிலேயே பின் சில்லு வழக்கத்துக்கு மாறாகச் சறுக்கியது. படியில் மோதியதும் பந்து போலத் துள்ளிப் பக்கவாட்டில் இழுத்தது. அடுத்த நொடி பைக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கை உரிந்துவிட்டது. பைக் சரிவில் உருண்டு வந்து அத்தானின் காலடியில் நின்றது.

"என்ன மச்சான்? எல்லாம் வடிவாத்தானே நிக்குது, காத்தும் அடிச்சிருக்கு."

"என்ன அடிச்சது?"

"காத்து. பின்னுக்கு ஒண்டுமே இல்லையடா. சந்தியில ரயர்க் கடை நானாட்டப் போய் அடிச்சுக்கொண்டு வந்தனான். வரிசையில நிண்டவங்களை விலத்திவிட்டு எனக்கு முதல்ல அடிச்சுத் தந்தவர். இண்டைக்குத் தம்பிட நாள் எண்டு சொல்லித்தான் அடிச்சவர்."

ரயரை அமுக்கினேன். கல்.

"அத்தான், இதுக்குக் காத்து அடிக்கக் கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"சொன்னனிதான். நீ சும்மா ஓடேக்க எப்படியும் ஓடு. இண்டைக்கு ஆள் பாக்க வாறார். கலியாண வீட்டுக்கு ஆராவது ஊத்தைச் சாரத்தோட போவானோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு காலமும் என் சொல்லை அவர் நம்பவில்லை. காற்றடிக்க வசதியில்லாததற்கு நான் சொல்கிற சாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஏசுவதற்கு நல்ல சொற்கள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் ஏச முடியவில்லை. விடியவே எழும்பித் துடைத்து, காற்றடித்து, ஒன்றரை மணித்தியாலம் குலுங்கிக் குலுங்கிக் கொண்டுவந்திருக்கிறார். நான் இங்கே இருக்க வேண்டும் என்று என்னைவிட அவருக்கு ஆசை.

ஈர்க்கு ஒன்றை முறித்து வால்வை அமுக்கினேன். காற்று சீறிக்கொண்டு போனது. விடுதிக்காரர் ஏமாற்றத்தோடு நேரத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய போன் அடித்தது. சிக்னல் தேடி வாகனத்தின் அந்தப் பக்கம் போய்விட்டார்.

காத்திருந்திருக்கலாம். ஆனால் விழுந்த பிறகு நின்று யோசித்தால் பயம் வந்துவிடும். பெருவிரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு ஏறினேன். இந்த முறை சில்லு பாறையைக் கவ்விக்கொண்டது. படியில் முன் சில்லைத் தூக்கி வைத்தேன், முழங்காலை மடித்து உடம்பை முன்னுக்குத் தள்ளினேன், பின் சில்லு சத்தமில்லாமல் வந்து ஏறியது. வழவழப்பான முதுகில் மூச்சு விடாமல் போய் உச்சியில் நிறுத்தினேன். கால் எங்கும் படவில்லை. இவ்வளவு சுத்தமாக அதற்கு முன் நான் அதில் ஏறியதில்லை. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் துறைமுகமும் ரவுண் கட்டடங்களும் தெரிந்தன. கீழே பார்த்தேன். அத்தான் வாயைத் திறந்தபடி நின்றார். விடுதிக்காரரின் முதுகு தெரிந்தது.

"சேர்! சேர்! அங்க பாருங்கோ, ஏறிட்டான்!" என்று அத்தான் கத்தினார்.

அவர் திரும்பிப் பார்த்தபோது நான் உச்சியில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

"எப்படி ஏறினவர்?"

"இதாலதான் சேர்! பறந்து வந்தவன் எண்டோ நினைக்கிறியள்?"

"நான் காணேல்லையே. இன்னொருக்கா ஏறச் சொல்லுங்கோ."

பின்பக்கத்தால் இறங்கிச் சுற்றி வந்தேன். எஞ்சின் கொதித்தது, கிளச் வழுக்கத் தொடங்கியிருந்தது, உரிந்த முழங்கையில் வியர்வை எரிந்தது. மூன்றாம் தரம் ஏறினேன். படியில் பைக் ஒரு கணம் நின்றுவிட்டது, இடது காலை ஊன்றி உந்தினேன். பிறகு மேலே போய்விட்டேன். ஏறினேன்தான், ஆனால் எனக்கு அது ஏறியதே இல்லை. கீழே வந்தபோது விடுதிக்காரர் கை தட்டினார்.

"நல்லம், நல்லம்! அடுத்த மாதம் வந்து தொடங்குங்கோ."

"சேர், கால் வைச்சிட்டன்."

"எங்க?"

"அந்தப் படியில."

"அதுக்கென்ன? விழேல்லைத்தானே." பைக்கைச் சுற்றி வந்து பார்த்தார். "ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. இதுக்கு ஒரு சீற் போட ஏலாதோ?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் கடலைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது லாண்ட்மாஸ்டர் பெட்டிக்குள் பைக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சந்தியில் ரயர்க் கடை நானா கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"என்ன தம்பிமார், காத்து இறங்காமல் நிண்டதோ?"

"நிண்டது நானா, நல்லா நிண்டது!" என்று கத்திவிட்டு அத்தான் வேகத்தைக் கூட்டினார்.

வெள்ளிக்கிழமை ஏஜென்டிடம் போய்ப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டேன். பாறையில் ஏறுவதும் ஒரு தொழிலோ என்று அவர் கேட்டார். பாஸ்போர்ட்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சுத்தமான ஏற்றத்தைக் கண்டது இந்த உலகத்தில் அத்தான் ஒருவர்தான். அவருக்கோ அதற்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் ஏறினாய்தானே என்கிறார்.

வேலைக்குப் போக வேண்டிய முதல் நாள் காலையில், ஏறிக் காட்டுவதற்கென்று என் பைக்கையும் லாண்ட்மாஸ்டரில் ஏற்றுவதற்கு முன் பழக்கத்தில் பெருவிரலை வைத்து அமுக்கினேன். கல்.

"அத்தான்!"

"நானில்லை!" என்று கிணற்றடியிலிருந்து சத்தம் வந்தது.

அக்கா குசினி வாசலில் நின்றா. காலடியில் சைக்கிள் பம்ப் கிடந்தது.

"நான்தான் அடிச்சனான். அவர் கனக்க அடிச்சபடியாத்தானே அண்டைக்கு நீ விழுந்தனி? அதான் நான் அளவா அடிச்சனான்."

"அக்கா..."

"வேலைக்குப் போற பைக், வாடிக் கிடக்குது. ஆக்கள் என்ன நினைப்பினம்?"

குந்தி, ஈர்க்கை எடுத்து வால்வை அமுக்கினேன். அவ அடித்த காற்று நீண்ட நேரம் சீறிக்கொண்டே இருந்தது. அது முடியும்வரை அவ அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "இப்ப ஒண்டுமே இல்லையேடா" என்று சொல்லிவிட்டு, எனக்குச் சோற்றுப் பார்சல் கட்ட உள்ளே போனா.