பதினாலாம் கட்டத்தில் ஒரு கையெழுத்து

உலகத்தில் எந்த மூலையில் யார் நியாயம் கேட்டு மாட்டிக்கொண்டாலும் கை கொடுப்பதற்கென்று அரசாங்கம் ஒரு பிரிவு வைத்திருந்தது. அது நாலாவது மாடி. லிஃப்ட் மூன்றாவதோடு நின்றுவிடும். அங்கே இரண்டு மேசை, ஒரு இரும்பு அலமாரி, 'துணிந்தவர்க்குத் துணை நிற்போம்' என்று ஒரு சுவரொட்டி.

அந்தப் பிரிவின் எழுத்தருக்கு ஆபீஸில் வைத்த பெயர் 'பதினாலு'. உதவி கேட்கிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் பதினாறு கட்டம். அதில் பதினாலாவது: 'மிரட்டல் விடுத்தவரின் கையெழுத்தும் முத்திரையும்.' எந்தப் புண்ணியவான் எழுதி வைத்தானோ. கொல்ல வருகிறவன் சாவகாசமாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுவானா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நம்ம ஆளும் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாக வந்த படிவம் இருநூற்றுப் பதினொன்றையும் 'கட்டம் 14 காலி' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. வீட்டில் எறும்பு ஊர்ந்தால்கூடக் காகிதத்தில் ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விடுகிற ஆள். படிவத்தைக் கண்டால் மட்டும் மூளையைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை, தூர தேசத்து டீச்சர் ஒருத்தியின் படிவம் ஃபாக்ஸில் வந்தது. தன் ஊரில் காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதிப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியவள். அவளையும் வெள்ளிக்கிழமை தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள். அதற்குள் இந்த நாட்டுக்கு வந்து சேர ஒரு அவசர அனுமதி வேண்டும். பதினாலாம் கட்டம் வழக்கம்போல் காலி. வழக்கம்போல் திருப்பி அனுப்பினார். ஆனால் இவள் போன் பண்ணிவிட்டாள்.

"சார், பதினாலுல யார் கையெழுத்து வேணும்?"

"உங்களை மிரட்டினவங்க கையெழுத்தும்மா."

"இன்ஸ்பெக்டர் போதுமா, இல்ல மந்திரியே போடணுமா?"

இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "முத்திரை வச்சிருக்கிற யாரா இருந்தாலும் சரிம்மா."

"அப்ப லைன்ல இருங்க. வாசல்லதான் நிக்கிறாரு."

இன்ஸ்பெக்டர் அவளைக் கண்காணிக்க ஆறு மாதமாக அந்த வாசலில் வெயிலில் நிற்கிறார். அவர் வேலையை மதித்து ஒரு காகிதம் நீட்டியது இவள்தான். மனுஷன் உருகிப்போய்விட்டார். முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார், சொந்தப் பேனாவை எடுத்தார், ஜீப்பிலிருந்து முத்திரை வரவழைத்தார். கீழே இடம் மீதி இருந்ததால் மணிமணியான எழுத்தில் ஒரு குறிப்பும் சேர்த்தார்: 'வெள்ளி காலை ஆறு மணிக்குக் கைது. அதற்குப் பிறகு இவரைக் கண்டுபிடிக்க இயலாது.'

"எனக்கு ஒரு நகல் குடுங்க டீச்சர், பதவி உயர்வுக்கு வைக்கலாம்" என்று அவர் கேட்டது போனில் தெளிவாக விழுந்தது.

செவ்வாய்க்கிழமை, பிரிவின் சரித்திரத்தில் முதன்முதலாக, முழுசாக நிரம்பிய படிவம் ஒன்று மேசைக்கு வந்தது. அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. இயக்குநர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இவ்வளவு ஒத்துழைக்கிறவரு எப்படிங்க மிரட்டுறவரா இருக்க முடியும்? ஆபத்து இல்லன்னு எழுதித் திருப்பிடுங்க."

"வெள்ளிக்கிழமைன்னு நேரத்தோட போட்டிருக்காரே மேடம்."

"பாத்தீங்களா, எவ்வளவு வெளிப்படையா இருக்காரு."

சாயங்காலம் எழுத்தர் வீட்டில் சொன்னார். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவனே எழுதிக் குடுத்துட்டான். இதுக்கு மேல என்னங்க வேணும் உங்களுக்கு, அவன் ஜாதகமா? ஆமா, இதுக்கு முன்னாடி திருப்பி அனுப்பினீங்களே, அவங்கள்லாம் என்ன ஆனாங்க?"

"யாரும் மறுபடி எழுதலை."

"ஏன் எழுதலைன்னு நினைச்சீங்க?"

கையெழுத்து வாங்க அலைந்துகொண்டிருப்பார்கள் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தார். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை காலை முதல் ஆளாக ஆபீஸ் போய் அலமாரியைத் திறந்தார். அனுமதி முத்திரை பெட்டி பிரிக்காமல் கிடந்தது. மைப்பெட்டி காய்ந்து ஓடாகியிருந்தது. டம்ளர் தண்ணீரைத் தெளித்து விரலால் குழைத்தார். பிறகு 'இயக்குநருக்காக' என்று கையெழுத்துப் போட்டு, ஓங்கி ஒரு குத்து. வியாழக்கிழமை டீச்சர் விமானம் ஏறிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து அவருக்குக் கடிதம் வந்தது. வேலை போயிற்று; வரும் வெள்ளிக்கிழமை போலீஸும் வரும் என்று இயக்குநர் அம்மாவே எழுதியிருந்தார். கடிதம் வந்த அன்றைக்குத்தான் நன்றி சொல்ல டீச்சரும் வீட்டுக்கு வந்திருந்தாள். மனைவி அழுதுகொண்டே கடிதத்தை அவளிடம் நீட்டினாள். டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கையெழுத்து, முத்திரை, தேதி, எல்லாம் சரியா இருக்கே சார். பதினாலு ரெடி."

"எதுக்கும்மா?"

"எங்க நாட்டுலயும் இதே மாதிரி ஒரு பிரிவு இருக்கு. வெளிநாட்டுல நியாயம் பேசி மாட்டிக்கிட்டவங்கன்னா உயிரைக் குடுத்துப் பாத்துப்பாங்க. படிவம்கூட இதேதான்." கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அங்க யாரு பொறுப்பு?"

"நம்ம இன்ஸ்பெக்டர்தான். அந்த நகலைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கிட்டாரு. கையெழுத்து சுத்தமா இருந்தா அன்னைக்கே அனுமதி அனுப்பிடுறாராம்."

அவர் மனைவியிடம் பேனா வாங்கி, முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.