இதுல பிரேக் எது?

காய்ந்த வைக்கோல் வாசமும் பஸ் எஞ்சினின் கருகிய எண்ணெய் வாசமும் ஒன்றாகக் கலந்து வந்தால், இந்த வயதிலும் நான் போகிற வழியில் நின்றுவிடுவேன். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெல் அடிக்கிற களம், களத்தைத் தாண்டினால் ரோடு. அறுப்பு முடிந்த கோடையில், அம்பாசமுத்திரம் போகிற பஸ் களத்தோரம் நின்று ஆள் இறக்கிவிட்டு, புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும். நானும் என் தம்பி சண்முகமும் அந்தப் புகைக்குள் போய் நின்று மூச்சை இழுப்போம். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் மூன்றாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். அவன் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் போனான் என்றாலும், அவன் புத்தி முழுக்க ரோட்டில்தான் இருந்தது.

அந்தக் கோடையில்தான் நாங்கள் ஒரு பஸ் கட்டினோம். கயிறு அறுந்துபோன கட்டில் ஒன்று களத்து மூலையில் கிடந்தது. அதுதான் வண்டிக் கூடு. சைக்கிள் கடைக்காரர் வேண்டாமென்று போட்டிருந்த நெளிந்த "ரிம்மு" ஸ்டீயரிங் ஆனது. கம்பி போன குடையின் காம்பு கியர். எனக்கு ஹாரன் வேண்டும். ரப்பர் பந்தும் பித்தளைக் குழலும் உள்ள ஹாரன் ஒன்றை வைத்திருந்த பையனிடம், என் பம்பரங்களைக் கொடுத்து அதை வாங்குவதற்குப் பேச்சு முடித்துவிட்டு வந்தேன். சண்முகம் சம்மதிக்கவில்லை. அந்தப் பம்பரங்களைக் கொடுத்து, தச்சுப்பட்டறையில் ஒரு கட்டையும் சுருள்வில்லும் வாங்கவேண்டும், அதைப் பிரேக்காகக் காலடியில் பொருத்தவேண்டும் என்றான். களத்துக்கு வந்த அப்பா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஓடாத வண்டிக்குப் பிரேக் எதுக்குலே?"

"ஆள ஏத்துதோம்லா, நிக்கணும்லா" என்றான் தம்பி.

வாங்கியது பிரேக்தான். ஹாரனை நான் வாயாலேயே அடித்துக்கொண்டேன். தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கட்டில் பாபநாசம் வரை எத்தனையோ முறை போய்வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் கட்டையைப் பைய அமுக்குவான். உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எல்லாம் முன்னால் சாய்ந்து குலுங்க வேண்டும். குலுங்காதவனை இறக்கிவிட்டுவிடுவான்.

பிறகு நான் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனேன். அவன் கிளீனராகப் போய் லாரி டிரைவரானான். தலை நரைத்த பிறகும் வண்டியை விடவில்லை. சர்க்கரை வியாதி அவன் இடது காலைத் தின்றது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போனது கிளட்ச் மிதிக்கிற கால். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் தச்சநல்லூர் வீட்டில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தான். கேட்டால் தலையை ஆட்டுவான், அவ்வளவுதான். அவன் பெண்டாட்டி செல்லம்மாள் சோற்றை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அள்ளினது பாதி, அளைந்தது பாதி என்று தட்டு திரும்பி வரும். "இந்த மனுசன் இப்பிடியே போயிருவாவளோன்னு பயமா இருக்கு அத்தான்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற அவர்கள் மகள் கோமதிதான் யோசனை சொன்னாள். கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். நிஜ ஸ்டீயரிங் வைத்து, காலால் மிதித்து ஓட்டலாம், கிளட்ச் வேண்டாம் என்றால் அது இல்லாமலே ஓடும் என்றாள். ஸ்டீயரிங்கை அவளே அனுப்பிவிட்டாள். கம்ப்யூட்டரை முழுசாக வாங்கினால் கட்டுப்படியாகாது, சாமான் சாமானாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டவேண்டும், அனுப்பிய பணத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று போனில் சொன்னவள், கடைசியாக ஒன்று சொன்னாள். "பெரியப்பா, கார்டுதான் முக்கியம். கார்டு சரியில்லன்னா வெளையாட்டு ஓடாது."

நான் அதை மனதில் நன்றாகப் பதித்துக்கொண்டேன்.

வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. நடத்துகிறவள் ஜெசிந்தா என்கிற பெண்; உவரிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம், எதையும் நேராகப் பேசுவாள். சண்முகத்தை ஆட்டோவில் வைத்துக் கூட்டிப் போனேன். வரமாட்டேன் என்று சொல்லக்கூட அவன் வாயைத் திறக்கவில்லை, மூட்டையைப் போல வந்தான். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்ததும், உள்ளே பார்க்காமல் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஜெசிந்தா எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "கார்டு எப்பிடி அண்ணாச்சி, கையில எதுவும் வச்சிருக்கியளா, இல்ல புதுசாப் பாக்கணுமா?" என்று கேட்டாள்.

கோமதி சொன்னது சரிதான் என்று எனக்குப் பெருமையாகிவிட்டது. மஞ்சள் பையை அவிழ்த்து, ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, ஓட்டு போடுகிற கார்டு, ஆஸ்பத்திரி கார்டு எல்லாவற்றையும் கண்ணாடி மேசையில் வரிசையாகப் பரப்பினேன். தம்பியின் கார்டுகளையும் செல்லம்மாளிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஜெசிந்தா கார்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறான் என்று நினைத்துத் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, கம்ப்யூட்டர் வாங்க வந்தியா, ரேஷன்ல சீனி வாங்க வந்தியா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் நீளமான பேச்சு அது. ஆறேழு கார்டுகளைப் பரப்பிக்கொண்டு அந்தக் கடையில் அசடாக நின்றதைப் போல நான் எங்கேயும் சந்தோஷமாக நின்றதில்லை.

என்னிடமிருந்து ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். கார்டு என்பது திரையில் படம் வரைகிற சாமான் என்று ஜெசிந்தா எடுத்துக் காட்டினாள். புதுசின் விலையைக் கேட்டதும் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ராம் என்று ஒரு சாமானையும் சொன்னாள். பெயரைக் கேட்டதும் அதில் பேரம் பேசுவது பாவம் என்று எனக்குத் தோன்றியது. பிறகு கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பட்டனை அமுக்கினாள். உள்ளே பச்சையும் சிவப்புமாக விசிறிகள் மினுங்கின. பையன்மார் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள் என்றாள்.

"கோயில் கொடைக்குப் போற வேன் மாதிரில்லா இருக்கு" என்றான் சண்முகம். எல்லாச் சாமானையும் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, பைய ஒரு கேள்வி கேட்டான்.

"இதுல பிரேக் எதும்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெசிந்தா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, மூலையிலிருந்து செங்கல் அளவு கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இதத்தான் சொல்லணும் அண்ணாச்சி. பவர் சப்ளை. கரண்டு கூடிக் கொறஞ்சு வந்தா, மத்த சாமான் கருகாம இதுதான் நிப்பாட்டும். லைட்டு வேணும்னு கேட்டு வாரவுக எல்லாம் இதுல மலிவாப் போட்டுக்கிடுதாவ."

"அப்ப இத நல்லதாக் குடு. லைட்டு வேண்டாம். கார்டு பழசு இருந்தாப் பாப்போம், பழைய வண்டி நமக்குப் புதுசா?"

அதன்பின் பேச்சு அவர்கள் இரண்டு பேருக்கும்தான். பழைய கார்டு ஒன்றை எடுத்து, அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லி, சூடு ஏறுகிறதா, விசிறி சுற்றுகிறதா என்று வெகுநேரம் ஓடவிட்டுப் பார்த்தான். பெட்டி தகரத்தில் போதும் என்றான். திரை வாங்கவில்லை, வீட்டு டீவியே திரை. எல்லாம் கோமதியின் பணத்துக்குள் அடங்கியது. நான் கார்டுகளை எடுத்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்தக் களம் இன்றைக்கு இல்லை. அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. ரோட்டை அகலப்படுத்தினபோது இரண்டு பக்கமும் நின்ற மரங்கள் போயின. எந்த மரத்தடியில் லாரியை நிறுத்தினால் எந்த நேரத்துக்கு நிழல் கிடைக்கும் என்பதெல்லாம் சண்முகத்துக்குத் தெரியும், இப்போது அந்தக் கணக்குக்கு வேலையில்லை. கம்ப்யூட்டரில் வருகிற ரோடு ஏதோ வெள்ளைக்காரன் ஊர் ரோடு. அங்கே டீக்கடை கிடையாது, ஆடு குறுக்கே வராது. ஆனால் இரண்டு பக்கமும் மரம் இருக்கிறது. அந்த இடம் வந்ததும் அவன் வேகத்தைக் குறைத்துவிடுகிறான்.

நேற்று சாயங்காலம் நான் போயிருந்தேன். டீவியில் லாரி ஓடிக்கொண்டிருந்தது, அவன் பக்கத்துத் தட்டில் தோசை காலியாகிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு கார் அவன் லாரிக்கு முன்னால் குறுக்கே விழுந்தது. வலது காலால் பிரேக்கை மிதித்தபடி, "ஏலே, கண்ண எங்கன வச்சிக்கிட்டு வார? ஒன் வீட்டு முற்றமா இது?" என்று தெருவே கேட்கும்படி ஏச ஆரம்பித்தான். எழுத முடியாத வார்த்தைகளும் வந்தன.

அடுப்படியிலிருந்து செல்லம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். யாரை ஏசுகிறார் என்று கண்ணாலேயே கேட்டாள். யாரோ வெளியூர்க்காரன் என்றேன். கொஞ்சம் அடங்கும்படி அவனிடம் சொல்லட்டுமா என்றும் கேட்டேன்.

"வேண்டாம் அத்தான்" என்று கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "இன்னும் கொஞ்சம் ஏசட்டும்."