நான் தெலுங்கில் சொல்லாமல் விட்டது

தீர்க்கதரிசனம் என்றாலே எனக்குச் சிரிப்புதான் வரும். பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவள், வேதத்தில் அந்த வரத்தைப் பற்றி எழுதியிருப்பதும் தெரியும், ஆனாலும் கணக்கு டீச்சர் இல்லையா, விடை சொன்னால் வழியைக் காட்டு என்று கேட்டே பழகிய புத்தி. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் குப்பம் ஊர்ச் சபையில் வெளிநாட்டுக் கதவு திறக்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்கள், பாதிப் பேர் இன்னும் பெங்களூருக்கே ரயில் ஏறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எதையும் நம்பிவிடுகிற ஆள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

இத்தனைக்கும் அந்தத் தீர்க்கதரிசனங்களைத் தெலுங்கில் சொல்கிற ஆளே நான்தான். சபையில் பாதி தமிழ், பாதி தெலுங்கு, ஒருவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் நிற்பவர் அதை மற்ற மொழியில் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு, அதனால் பத்து வருடமாக நான் நின்றேன். உபவாச ஜெபம் முடிந்ததும் எஸ்தரக்கா ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து, மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே, காதோரம் மெல்லச் சொல்லுவார். பஸ் ஸ்டாண்டில் டிபன் வண்டி வைத்திருக்கிறவர், சட்னியா சாம்பாரா என்று கேட்பதற்கு மேல் தெலுங்கு வராது. முட்டிபோட்டிருப்பவர் தெலுங்குக்காரர் என்றால் நான் குனிந்து சொல்ல வேண்டும். பயமுறுத்துகிற மாதிரி ஏதாவது வந்தால் அதைக் கொஞ்சம் மழுப்பிச் சொல்லிவிடுவேன், யாருக்கும் தெரியாது, நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

என் தங்கை சலோமி கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து உண்டானாள். அவள் புருஷன் பிரசாத் கடப்பா பக்கத்து ஆள், ராமகுப்பத்தில் பட்டுப்புழு வளர்த்தார். வா, போ, சோறு, அவ்வளவுதான் அவருக்குத் தமிழ், வீட்டில் பேச்செல்லாம் தெலுங்கு. ஏழாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சலோமிக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று அவளை வீட்டில் விட்டுவிட்டு அவர் மட்டும் ஜெபத்துக்கு வந்தார். அவளும் கேட்கட்டும் என்று போனில் ரெக்கார்டு போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முட்டிபோட்டார்.

எஸ்தரக்கா கை வைத்ததும் குரல் இறங்கிப்போனது. "மகனே, உன் சம்சாரத்து வெரல்ல மோதிரம் இறுகினு கீது. அது கழலாத அன்னிக்குத் தாமசம் பண்ணாத. அன்னிக்கே திருப்பதிக்கு இட்டுனு போ."

பெரிய ஆஸ்பத்திரி என்றால் எங்கள் பக்கம் திருப்பதிதான். நான் குனிந்து, "தேவுடு மீ இன்ட்டினி ஆசீர்வதிஸ்தாடு, பயபடகண்டி" என்றேன். தேவன் உங்கள் வீட்டை ஆசீர்வதிப்பார், பயப்படாதீர்கள், அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான் சொன்னேன். டாக்டர் எல்லாம் சரி என்று சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை, எட்டு வருடம் காத்திருந்தவள் வயிற்றில் எதற்கு நெருப்பைக் கட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் சலோமி போன் செய்தாள். "அக்கா, மோதிரம் கழல மாட்டேன்னுது. சோப்பு போட்டு இழுத்துனு கீறாரு, வெரலே கையோட வந்துடும் போல கீது" என்று சிரித்தாள். நம்பினால் நம்புங்கள், எஸ்தரக்கா சொன்னது ஒரு எழுத்து விடாமல் காதில் ஓடியது. ஆனாலும் நான், "வெயிலுக்கு அப்டிதான் வீங்கும், கால நீட்டிக்கினு படு" என்றேன். அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

மறுநாள் மத்தியானம் ரத்தக்கொதிப்பு ஏறி அவளுக்கு வலிப்பு வந்தது. குப்பத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து திருப்பதிக்கு ஆம்புலன்ஸ், நாலு மணி நேரம். குழந்தையை உயிரோடு எடுத்துவிட்டார்கள், பெண். சலோமி கண்ணைத் திறக்கவே இல்லை. என் தங்கையை நான்தான் கொன்றேன் என்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பிரசாத் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வதினா, நீங்க தெளிவாத்தான் சொன்னீங்க, கண்ணீரோட சொன்னீங்க, நான்தான் கேக்கல" என்று தெலுங்கில் அழுதார், மனைவியின் அக்காவை அவர்கள் வதினா என்பார்கள். புழுக்கள் கடைசித் தீனியில் இருந்தன, இரண்டு நாளில் கூடு கட்ட ஏறிவிடும், அந்த நேரத்தில் இலை போடாமல் விட்டால் எல்லாம் செத்துவிடும், ஏற்றிவிட்டுக் கூட்டிப்போகலாம் என்று இருந்துவிட்டாராம். அவள் பயப்படுவாள் என்று ரெக்கார்டையும் போட்டுக் காட்டவில்லையாம். பிறகு நான் சொன்னதாக அதைத் திருப்பிச் சொன்னார். "உங்கரம் ராகபோத்தே ஆகொத்து, ஆரோஜே திருப்பதிக்கி தீஸ்கெள்ளு." மோதிரம் கழலாவிட்டால் நிற்காதே, அன்றைக்கே திருப்பதிக்குக் கூட்டிப்போ. நான் விழுங்கிய வார்த்தைகள், சுத்தமான தெலுங்கில்.

அவருக்குக் கொஞ்சம் தமிழ் புரிந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோழைத்தனத்துக்கு மன்னிப்பே கிடையாது. பாப்பாவின் முதல் பிறந்தநாளன்றுதான் அவரிடம், நான் சொல்லவே இல்லை, மாற்றிச் சொன்னேன் என்று உடைத்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. என் பாரத்தைக் குறைக்க நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று போனை எடுத்துக்கொண்டு வந்தார்.

பகல் மூன்று மணி இருக்கும். புழு வளர்த்த கொட்டகை அப்போதே காலி, அங்கே உட்கார்ந்து போட்டார். எஸ்தரக்காவின் குரல் வந்தது. அடுத்து என் குரல், "ஆசீர்வதிஸ்தாடு, பயபடகண்டி" என்று நிதானமாக, எனக்கே வெட்கமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணில் தண்ணீர், என் குரலோடு சேர்ந்து வாய் அசைகிறது, உங்கரம் ராகபோத்தே ஆகொத்து என்று. "சூடண்டி வதினா, எந்த பாகா செப்பாரு" என்றார், பாருங்கள், எவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று. மூன்று முறை போட்டோம். ஒரே போன், ஒரே குரல், மூன்று முறையும் எனக்கு ஒன்று கேட்டது, அவருக்கு வேறு கேட்டது.

அதற்குப் பிறகு நான் சபையில் மொழிபெயர்க்க நிற்பதில்லை. அந்தப் பழியை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன், கொடுக்க மாட்டேன் என்கிறார். எஸ்தரக்காவைக் கேட்டால், "எனுக்கு ஒண்ணும் நெனப்பு இல்லம்மா, சொல்றது நான் இல்லியே" என்கிறார்.

அந்த ரெக்கார்டை என் போனுக்கும் வாங்கி வைத்திருந்தேன், வேறு யாருக்கும் போட்டுக் காட்ட தைரியம் வரவில்லை. பாப்பாவுக்கு இப்போது நாலு வயது, இரண்டு மொழியும் பேசுகிறாள். போன மாதம் போனை நோண்டிக்கொண்டிருந்தவள் எப்படியோ அதைப் போட்டுவிட்டாள். அடுப்படியிலிருந்து நான் ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது. ஓடிவரும்போது எனக்குக் கேட்டது அதே ஆசீர்வாதம்தான்.

"பெரிம்மா," என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள், "இதுல நீ ஏன் அழுதுக்கினே பேசுற?"

அவளுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை, அவள் அப்பாவையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த ரெக்கார்டில் நான் அழவில்லை. எனக்குக் கேட்கிற வரைக்கும் நான் அழவில்லை.