கம்பைலருக்கு முந்தின கம்பைலர்

சித்தி வீட்டுத் தறியில் பேண்டேஜ் துணிக்கான பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்து புதுப் பாவு ஏறிக்கொண்டிருந்தது. பழைய பாவின் மிச்ச இழைகளை உருவி எறியாமல், ஒவ்வொன்றின் நுனியிலும் புது இழையைத் திரித்துப் பிணைத்துக்கொண்டே போனார் சித்தி. பிறகு பழசை இழுத்தால் போதும், புதுசு தானாக அச்சுக்குள் நுழைந்து வரும். செட்டியார்பட்டியில் சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் பளிச்சென்றது: நாங்கள் தேட வேண்டியது புதுசை அல்ல, பழசை.

சித்தி மகள், அதாவது என் அக்கா, தன் கல்லூரி ப்ராஜெக்டைத் திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஃபெயில். அதற்கு, எழுதிய நிரலை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தரும் கம்பைலரின் புது வெர்ஷன் தேவைப்பட்டது. அவளுடைய கிழட்டு லேப்டாப்புக்கு ஆயத்தமாக எதுவும் கிடைக்காது. மூல நிரலை இறக்கி நாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குமுன் மெஷினில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அந்த மொழியின் தளத்தில் விளக்கியிருந்தார்கள். பாதிவரை படித்தோம்.

"இடம் பத்தாதுட்டி. பழசைக் கடாசிருவோம்," என்றாள் அக்கா.

"கடாசு, கடாசு," என்றேன் நான்.

லேப்டாப்பை விற்ற சீனியர் போட்டுக்கொடுத்திருந்த பழைய கம்பைலர் போயே போய்விட்டது. மீதியை அதன் பிறகுதான் படித்தோம். புது கம்பைலர் தன் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டது. அதைக் கட்ட, முந்தின வெர்ஷன் மெஷினில் இருந்தாக வேண்டும்.

"முந்தினதைக் கட்ட?"

"அதுக்கும் முந்தினது."

"எம்புட்டு தூரம்ட்டி போகும் இது?" என்றாள் அக்கா.

தறிப்பக்கமிருந்து சித்தி சத்தம் போட்டார். "ரெண்டு பேரும் எழவு வீட்டுல உக்காந்த மாரி உக்காந்திருக்கீக. செத்த நேரம் வந்து நூலைப் பிடிங்கட்டி. லேப்டாப்பு எங்க ஓடிரப் போகுது?"

"ஓட மாட்டேங்குதுன்னுதாம்மா அழுதுட்டு இருக்கேன்!"

அப்படிப் போய் நூலைப் பிடித்து நின்றபோதுதான் அது தோன்றியது. வாசலுக்கு வெளியே மலையில் மேகம் இறங்கியிருந்தது. ஒன்றைப் பெற்ற இன்னொன்று, அதைப் பெற்ற மற்றொன்று என்று கம்பைலர்கள் அந்த மேகத்துக்குள் வரிசையாக நடந்துபோவதுபோல இருந்தது எனக்கு. கடைசியில் நிற்பது யார்? தன் மொழி இன்னும் பிறக்காதபோது எழுதப்பட்ட ஒன்று. அது வேறு மொழியில்தானே இருந்தாக வேண்டும்!

"ஏட்டி, நூலை விட்டுட்டியே!" என்றார் சித்தி. நான் அதற்குள் லேப்டாப்பிடம் ஓடியிருந்தேன்.

தேடினோம். இருந்தது. ஆகப் பழைய வெர்ஷன், முழுக்க சி மொழியில். சி கம்பைலரை, நல்லவேளை, நாங்கள் கடாசியிருக்கவில்லை. கட்டச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். தறி மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தத் தாளத்தில் திரையில் வரிகள் மெல்ல மெல்ல மேலேறின. தூக்கமும் விழிப்புமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிகள் நின்றபோது, சோதனைக்காக ஒரே ஒரு வரி நிரல் கொடுத்தோம். வணக்கம் சொன்னது.

"பேசுதுட்டி!" என்று என் தோளைக் கிள்ளினாள் அக்கா.

இது பேசுகிறதே தவிர, இவ்வளவு பழசில் அவள் ப்ராஜெக்ட் ஓடாது. திங்கள் காலை பஸ் ஏறுவதற்குள் இதை வைத்து அடுத்ததையும், அடுத்ததை வைத்து அவளுக்கு வேண்டியதையும் கட்டிப் பார்க்கப்போகிறோம். இந்தத் தடவை, எதையும் அழிக்காமல்.