ஆறே கால் லாகின்

அந்தப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் யாரென்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கும். கோட்டா சார் யாரென்று கேட்டால் மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். நூலகத்துக்குப் பின்னால், ஏசி உறுமுகிற பக்கம், செருப்பை வெளியே விடச் சொல்லும் பலகைக்கு உள்ளே, கம்ப்யூட்டர் செக்‌ஷன். அங்கே முதல் மேஜை அவருடையது. ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கணக்கு திறப்பது, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மாற்றித் தருவது, பெரிய கம்ப்யூட்டரில் இடம் ஒதுக்குவது, படிப்பு முடிந்ததும் கணக்கை மூடுவது என்று இருபது வருஷத்துக்கு மேல் அதுதான் அவர் பிழைப்பு.

ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் இடம் என்று ஓர் அளவு உண்டு. அதுதான் கோட்டா. அது நிறைந்துவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும். "சார், கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுங்க சார்" என்று எவன் வந்து பல்லைக் காட்டினாலும் அவர் பதில் ஒன்றுதான். "கைடு கையெழுத்து எங்க?" தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. பேர் வந்தது அப்படித்தான்.

கறாரான மனுஷன்தான், ஆனால் கல் நெஞ்சுக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு பிள்ளை இரண்டு வாரமாகத் தன் கணக்குக்குள்ளே வரவில்லை என்றால் கம்ப்யூட்டரே அதன் பெயரை எடுத்துக் காட்டிவிடும். மற்ற இடங்களில் அதைப் பார்த்துவிட்டுக் கணக்கை முடக்குவார்கள். இவர் மேஜை மேலிருக்கும் போனை எடுத்து அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவார். "உசுரோட இருக்கியா?" என்பதுதான் முதல் கேள்வி. சில பேர் சிரிப்பார்கள். சில பேர் அந்த ஒரு கேள்விக்கே உடைந்து அழுதுவிடுவார்கள். படிப்பை விட்டுவிடலாம் என்று ஊருக்குப் பெட்டி கட்டியவனை அரை மணி நேரம் பேசித் திரும்ப வரவழைத்திருக்கிறார். வீட்டிலிருந்து ஒரு போன் வராதா என்று ஏங்குகிற பிள்ளைகளுக்கு செக்‌ஷன் போன் பெரிய விஷயம்.

அவருடைய ஒரே மகளும் அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். கணக்கு திறந்து கொடுத்தது அவர்தான். அன்றைக்கு மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வரிசையில் நிற்கவைத்து, அடையாள அட்டை கேட்டு, "அடுத்து" என்று கூப்பிட்டுத்தான் கொடுத்தார். அவளும் "தேங்க் யூ சார்" என்று நாக்கைத் துருத்திவிட்டுப் போனாள். முதல் வாரத்திலேயே அவள் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன புரோகிராம் போட்டுவைத்தார். தினமும் அதுவே பல்கலைக்கழகக் கணக்குக்குள் நுழைந்து, அவள் வேலையை எல்லாம் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடும்.

"கம்ப்யூட்டர் எப்ப காலை வாரும்னு சொல்ல முடியாது பாப்பா. இது இருந்தா நிம்மதியாத் தூங்கலாம்" என்றார்.

"எனக்கு இது இல்லாமலே நல்லாத் தூக்கம் வரும்பா" என்றாள் அவள். பொய்யில்லை. எட்டு மணிக்கு முன்னால் எழுந்த சரித்திரமே கிடையாது. போர்வையை உருவுவதற்கென்றே அவள் அம்மா தினமும் தனியாகத் தெம்பு சேர்த்து வைத்திருப்பாள்.

அந்த அம்மா போன பிறகுதான் வீடு வீடாக இல்லாமல் போனது. அப்பாவும் மகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு பேரும் துக்கத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ரகம். பிடிவாதத்தில் மட்டும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

சண்டை கோட்டாவில்தான் வந்தது. மகள் பெரிய கம்ப்யூட்டரில் மாதக்கணக்காக ஒரு கணக்கீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். முடிகிற நேரத்தில் இடம் நிறைந்துகொண்டு வந்தது. கைடு வெளிநாட்டில், ஆளைப் பிடிக்க முடியவில்லை. "ரெண்டு நாளைக்கு மட்டும்பா, கைடு வந்ததும் கையெழுத்து வாங்கித் தந்துடறேன்" என்று கெஞ்சினாள். இவர் அசையவில்லை. நாளைக்கு நாலு பேர், தன் மகளுக்கு மட்டும் தூக்கிக் கொடுத்தான் என்று பேசுவார்களே என்ற பயம். இடம் நிறைந்தது, வேலை பாதியில் செத்தது. பாடுபட்டதெல்லாம் பாழ்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஊர்ல இருக்கிற பிள்ளைங்களை எல்லாம் போன் போட்டு உசுரோட இருக்கியான்னு கேக்கறீங்க. பெத்த பொண்ணு கண்ணு முன்னாடி கெஞ்சினா கைடு கையெழுத்தா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் பாப்பா."

"அப்ப நானும் எல்லாரும்தானே? சரி. இனிமே நீங்க எனக்கு அப்பா இல்ல. வெறும் செக்‌ஷன்."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த மாதமே வேறு ஊரில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரோடு கிளம்பிவிட்டாள். பட்டத்துக்கான பதிவு இங்கே என்பதால் கணக்கு மட்டும் இங்கேயேதான் இருந்தது. இவர் வாசல் வரைக்கும் வந்தார், "பார்த்துப் போ" என்றார். பெரிய மனுஷன் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்! "தப்புதான் பாப்பா, போகாதே" என்று சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? அவளும் போன் செய்யவில்லை, இவரும் செய்யவில்லை. முதலில் யார் கூப்பிடுவது என்பதிலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

ஆனால் பெற்ற வயிறு கேட்காது என்பது அப்பன்மாருக்கும் பொருந்தும். தினமும் ஒன்பது மணிக்கு செக்‌ஷனைத் திறந்ததும், ஏசி போடுவதற்கு முன்னால், மகளுடைய கணக்கின் கடைசி வரியை மட்டும் பார்ப்பார். கடைசியாக உள்ளே வந்த நேரம் அதில் இருக்கும். இன்று காலை ஆறே கால். மறுநாளும் ஆறே கால். அதற்கு மேல் ஒரு வரி பார்க்க மாட்டார். பார்த்தால் வேவு பார்த்ததாகிவிடுமாம். அங்கேயும் சட்டம்!

அந்த ஒரு வரியில்தான் அவருக்குப் பொழுது விடிந்தது. ஆறே காலுக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்து வேலை பார்க்கிறாளே என் பொண்ணு என்று பூரித்துப்போவார். "போர்வையை உருவ ஆளே தேவையில்ல, தெரியுமா?" என்று சுவரில் இருக்கும் மனைவி படத்திடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். தினமும் ஒரே நேரம், நிமிஷம் பிசகாமல். ஊரிலுள்ள மெஷின்களையெல்லாம் மேய்க்கிற மனுஷனுக்கு அது ஏன் உறைக்கவில்லை? வேறு எந்தப் பிள்ளையின் கணக்காக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார், இது ஆளில்லை என்று. மகள் என்று வந்ததும் கண்ணை மறைத்துவிட்டது. நல்லா இருக்கிறாள் என்று நம்ப அவருக்கு அவ்வளவு ஆசை.

ஒருநாள் மத்தியானம் அவருடைய செல்போன் அடித்தது. மகளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழி.

"அங்கிள், உடனே கிளம்பி வாங்க. அவளுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரில இருக்கா."

"யாருக்கு? என் பொண்ணுக்கா? நீ வேற யாரையோ சொல்றேம்மா."

"இல்ல அங்கிள். மூணு வாரமா படுத்த படுக்கையா இருக்கா."

"என்னம்மா உளர்றே?" கோட்டா சார் சிரிக்கக்கூடச் செய்தார். "இன்னிக்குக் காலையில ஆறே காலுக்கு உள்ள வந்திருக்காளே. நான் பார்த்தேனே!"

அந்தப் பெண் மெதுவாக, "அவளால கையைத் தூக்கவே முடியல அங்கிள்" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சின்ன புரோகிராம் ஞாபகம் வந்தது. எழுந்தவர் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே ஓடினார். பக்கத்து மேஜைக்காரர்தான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

ரத்தப் புற்று, வேகமான ரகம். மருந்து கேட்கும் என்றுதான் டாக்டர்கள் முதலில் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் ஒரு தொற்று புகுந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டது. இவர் போய்ச் சேர்ந்தபோது மூக்கிலும் வாயிலும் குழாய், கண் மூடியிருந்தது. "பாப்பா, அப்பா வந்துட்டேன்" என்று காதுக்குள் சொன்னார். கேட்டதோ இல்லையோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

காரிடாரில் பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தோழிப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்.

"நான் ஆஸ்பத்திரில சேர்த்த அன்னிக்கே உங்களைக் கூப்பிடறேன்னு சொன்னேன் அங்கிள். அவதான் சத்தியம் வாங்கிக்கிட்டா. 'வேணாம்டி, அவரே கூப்பிடுவாரு பாரு. ரெண்டு வாரம் நான் உள்ள போகலைன்னா அவருக்குத் தெரிஞ்சுடும். உசுரோட இருக்கியான்னு கேப்பாரு. கேட்டா அழுதுடுவேன், எல்லாத்தையும் சொல்லிடுவேன்'னா. தலையணைக்குப் பக்கத்துலயே போனை வெச்சிருந்தா. குளிப்பாட்ட வந்தாக்கூடக் கையை விட்டு இறக்க மாட்டா."

"அப்புறம்?" என்றார் இவர். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ரெண்டு வாரம் தாண்டினதும் போனைப் பார்க்கறதை விட்டுட்டா அங்கிள். 'எல்லாருக்கும் கூப்பிடுவாரு, எனக்குக் கூப்பிட மாட்டாரு போலடி'ன்னா. அவ்வளவுதான் சொன்னா."

ஐயோ, அந்தப் பாவி மனுஷன் அதைக் கேட்டுக்கொண்டு எப்படித்தான் உட்கார்ந்திருந்தாரோ! நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அவர் போட்டுக் கொடுத்த புரோகிராம் தினமும் காலையில் தவறாமல் அவள் பெயரில் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. இரண்டு வாரமாக வராதவர்கள் பட்டியலில் அவள் பெயர் வரவே இல்லை. அவள் காத்திருந்தாள், இவரோ பூரித்துக்கொண்டிருந்தார். அவளும் அந்தப் புரோகிராமை மறந்துதான் போயிருந்தாள்.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியவர் முதல் வேலையாக மகளின் கணக்கை மூடினார். மற்றவர்கள் செய்கிறோம் என்றபோதும் விடவில்லை. திறந்தவன் நான், மூடுவதும் நானே என்றார். அவளுடைய போனை மட்டும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பூட்டைத் திறக்கத் தெரியாது, திறக்கப் பார்க்கவும் இல்லை. தினமும் சார்ஜ் மட்டும் போடுவார். எதற்கென்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

ஆராய்ச்சி நிலையத்தில் அவள் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை போலிருக்கிறது. அது பாட்டுக்குக் காலையில் வந்து கதவைத் தட்டியது. இங்கேயிருக்கும் கம்ப்யூட்டர் கணக்கு இல்லையென்று திருப்பி அனுப்பியது. மறுநாளும் வந்தது.

அவர் லீவில் இருந்தபோது செக்‌ஷனில் ஒரு புதுப் பெண் சேர்ந்திருந்தாள். சாரின் மகள் தவறிவிட்டாள் என்று தெரியும், அவளும் இங்கே படித்தவள் என்பது தெரியாது. திரும்பிப் போகிற லாகினுக்குத் திரையில் பதிவு எண்ணும் போன் நம்பரும்தானே தெரியும், முகமா தெரிகிறது? ஒருநாள் காலை அவள் திரையைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினாள்.

"சார், ஒரு ஸ்டூடண்ட் தினம் உள்ள வரப் பார்க்குது, முடியல. பாவம், பாஸ்வேர்டு மறந்திருக்கும். நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரி போன் போட்டுக் கேக்கட்டுமா?"

இவர் ஏதோ ஞாபகத்தில் தலையாட்டினார். அவள் அவர் மேஜை மேலிருந்த செக்‌ஷன் போனைத் தன் பக்கம் இழுத்து, திரையைப் பார்த்துப் பார்த்து எண்களை அழுத்தினாள்.

கோட்டா சாரின் சட்டைப் பை அடித்தது.

போனை வெளியே எடுத்தார். செக்‌ஷன் நம்பர்தான். 'செக்‌ஷன்' என்றுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். 'அப்பா' என்று இருந்தது. மகள் அதை மாற்றவே இல்லை.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. புதுப் பெண் ரிசீவரைக் காதில் வைத்தபடி அவரையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாரும் எடுக்கல சார். மறுபடி போடவா?"

"போடும்மா" என்றார் அவர்.