பாய் அட்டை கட்டிய திருமண் பெட்டி

என் திருமண் பெட்டியின் வளையத்தில் ஒரு பழுப்பு அட்டை தொங்குகிறது. அப்பா வைத்திருந்த சின்ன மரப்பெட்டி அது. நாமம் இட்டுக்கொள்ள வெள்ளைக் கட்டி, சிவப்பு ஸ்ரீசூர்ணம், குழைக்க ஒரு கிண்ணம், மெல்லிய வெள்ளிக் கம்பி, முகம் பார்க்க ஒரு துண்டுக் கண்ணாடி, இவ்வளவுதான் உள்ளே. காலையில் தூக்கம் முழுக்கக் கலையாமல் அதைத் திறக்கும்போது அட்டை மரத்தில் தட்டி லேசாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு எங்கள் ஸ்டோர் கீப்பர் பாய் கண்முன் வந்து நின்றுவிடுவார். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் ஸ்டோரை இருபது வருஷம் கட்டி ஆண்டவர். அட்டை கட்டாத ஒரு போல்ட்டைக்கூட அலமாரியில் ஏற்ற மாட்டார். மேனேஜரே வந்து நின்றாலும் சீட்டு இல்லாமல் அங்கே ஒரு நட்டு நகராது. அவரைக் கேலி செய்யாத ஆள் தொழிற்சாலையில் இல்லை. நானும் செய்திருக்கிறேன்.

சவூதியில் இரண்டு வருஷ வேலை கிடைத்தபோது எல்லாரையும்விட அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. திருவள்ளூர்க் கோயிலில் கைங்கரியம் செய்த குடும்பம் எங்களுடையது. அப்பாவோடு அது நின்றுபோனது. நான் தினமும் கம்பெனி பஸ் ஏறி இரும்புக்குப் போய்விட்டேன் என்ற குறை அம்மாவுக்கு என்றைக்கும் உண்டு. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "எங்க வேணும்னாலும் போ. நெத்தி பாழா இருக்கப்படாது. அப்பா பெட்டியை எடுத்துண்டு போ." சொன்னதோடு விடவில்லை. சூட்கேஸின் நடுவில், வேஷ்டி மடிப்புக்குள் தன் கையாலேயே பெட்டியை வைத்தாள்.

எடை பார்க்க வேண்டும் என்று அந்தச் சூட்கேஸை பஸ்ஸிலேயே தூக்கிக்கொண்டு போனேன். ஸ்டோரில்தான் பெரிய தராசு இருக்கிறது. வழியில் பெரியபாளையத்தில் வேப்பிலை வாசனை ஜன்னல் வழியே வந்ததும், புதுவாயலில் யாரோ டீ வாங்கி உள்ளே நீட்டியதும் இன்றும் கனவுபோலத் தங்கியிருக்கின்றன. பாய் முன்பு சவூதியில் பல வருஷம் வேலை செய்தவர். தராசின் முள்ளைப் பார்க்கவே இல்லை. "வெயிட்டு கெடக்கட்டும் சாமி, மொதல்ல தொற" என்றார்.

அம்மா பாயசத்துக்கென்று கட்டிக் கொடுத்த கசகசாப் பொட்டலம் முதலில் வெளியே வந்தது. "நம்ம ஊர்ல இது பாயசம். அங்க போதை ஐட்டம். இத்த எடுத்துக்கினு போனா நேரா ஜெயிலுதான்." டாக்டர் சீட்டு இல்லாத மாத்திரைகள், பெருமாள் படம் என்று ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. வேஷ்டி மடிப்பைப் பிரித்துப் பெட்டியைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வெளியே போய்க் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் அதைத் தொட்டார்.

"தப்பான பொருள்னு நான் சொல்லல சாமி. வெள்ளக் கட்டி, செவப்புத் தூளு. ஏர்போர்ட்ல நிக்கிறவனுக்கு இது இன்னான்னு தெரியும்? ஒடச்சிப் பாப்பான், டெஸ்டுக்கு அனுப்புவான். பொட்டி உன் கைக்குத் திரும்பி வராது. பேஜாரு."

வீட்டில் திருப்பி வைத்தால் அம்மா என்னைப் போகவே விடமாட்டாள் என்றேன். பாய் மேஜை டிராயரைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தார். 'மரப்பெட்டி ஒன்று. உள்ளே பூஜைச் சாமான். நிலை: சேதமில்லை.' எழுதிக் கையெழுத்துப் போட்டு வளையத்தில் கட்டி, பெட்டியை ஸ்டோர் அலமாரியில் ஏற்றினார். ரசீது எழுதினார், வழக்கம்போல இரண்டு பிரதி. ஒன்றை என்னிடம் கொடுத்து, "நீ வந்தப்புறம் இந்த அட்டைய நான்தான் அவுப்பேன். வேற யாரும் தொடக்கூடாது" என்றார். இரண்டாவது பிரதி யாருக்கு என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.

சவூதியில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அம்மாவிடம் இருந்தது பட்டன் போன், முகம் தெரியாது. ஒவ்வொரு வெள்ளியும் முதல் கேள்வி அதுதான்: "இட்டுண்டியாடா?" "ஆச்சும்மா" என்பேன். சொல்லும்போது விரல் தானாக வெறும் நெற்றியைத் தடவும். மணல் காற்று ஜன்னலில் உரசும் அந்த அறையில் மதியம் படுத்தால், பஸ் பெரியபாளையம் தாண்டுவதாகவும் என் மடியில் பெட்டி இருப்பதாகவும் கனவு வரும். விழித்தால் மடி காலியாக இருக்கும். பெற்றவளிடம் இரண்டு வருஷம் பொய் சொன்னேன். அந்த வெட்கம் எந்த வெயிலையும்விட என்னை அதிகமாகச் சுட்டது.

திரும்பி வந்த அன்று பெட்டியில்லாமல் வீட்டுப் படி ஏறப் பயந்து, விமான நிலையத்திலிருந்து நேராகக் கும்மிடிப்பூண்டிக்கு வண்டி பிடித்தேன். ஸ்டோரில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரசீதை வாங்கிப் பார்த்தவர் பதிவேட்டைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். மாதம் தவறாமல் பாயின் கையெழுத்தில் 'சேதமில்லை', 'சேதமில்லை' என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசி வரியில் 'வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டது'. பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து. "ஆபரேஷனுக்குப் போறதுக்கு முந்தின நாள் அவரே கொண்டுபோய்க் குடுத்தார் சார். போனவரு திரும்பி வரல" என்றார் அவர். பாய் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

வீட்டில் பெருமாள் அலமாரியில் பெட்டி இருந்தது. அட்டையும் அப்படியே இருந்தது. பாய் எப்போது வந்தார் என்று கேட்டேன். "நீ கிளம்பின அடுத்த ஞாயித்துக்கிழமையே வந்துட்டார். பொருள் எங்க இருக்குன்னு வீட்டுக்காராளுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு ஒரு சீட்டைக் குடுத்தார். பிள்ளையக் கோச்சுக்காதீங்கோன்னு கேட்டுண்டார்" என்றாள் அம்மா.

"அப்புறம் ஏம்மா வாராவாரம் கேட்டே?"

"கேக்காம விட்டா மறந்துடுவியேடா."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன். அம்மாவுக்காகவா பாய்க்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

இப்போதும் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டால் அடுக்களையிலிருந்து அம்மா கேட்கிறாள், "இட்டுண்டியாடா?" நெற்றியில் மண் ஈரமாக இருக்க, ஆச்சும்மா என்கிறேன். இப்போது அது உண்மை. அட்டையின் ஓரம் கிழிந்து, பாயின் மை மங்கி வருகிறது. நூலும் இற்றுப்போய்விட்டது, ஒரு இழுப்பில் கையோடு வந்துவிடும். நான் இழுக்கவில்லை. அவிழ்க்க வேண்டியவர் அவர்தானே.