இராசமலரின் கலண்டரும் வாடைக்காற்றும்

முரசுமோட்டையில் எனக்கு அடுத்த வளவு இராசமலருடையது. நெல் அவித்துக் காயவைத்து, குத்துவித்து விற்பவர். அவர் வீட்டுச் சுவர்க் கலண்டரைப் பார்த்து நான் கேலி பண்ணாத நாளில்லை. கோழியை அடைவைத்த நாள், மாடு கன்று போட்ட நாள் எல்லாம் அதில்தான். காயப்போட்ட நெல்லில் கரி விழுந்தால் கறுப்புப் புள்ளி. மகள் பிரஷாந்தினிக்கு முட்டு வந்து, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினால் சிவப்புப் புள்ளி.

பிரஷாந்தினி நல்ல ஓட்டக்காரி. ஆனால் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி மாசியில், வடக்கேயிருந்து வாடை வீசும் காலத்தில் வரும். மூன்று வருடமாக அவள் இழுத்த மூச்சோடு கதிரையில் இருந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தாள். எல்லாம் குளிர்தான் என்று ஊரே தீர்ப்புச் சொன்னது. தயிரை நிறுத்து, இதரை வாழைப்பழம் கொடுக்காதே, தலைக்குத் தோயவார்க்காதே. நானும்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு தை மாதக் காலை, அடைக்கோழிக்கு எத்தனை நாளாயிற்று என்று பார்க்கப் போன இராசமலர் கலண்டருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். கறுப்புப் புள்ளி விழுந்த அன்றோ மறுநாளோ சிவப்புப் புள்ளியும் விழுந்திருந்தது. ஊருக்கு வடக்கே டீசல் எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று உண்டு. அதன் புகையைத்தான் வாடை எங்கள் மேல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. முந்தின மார்கழியில் அங்கே இயந்திரம் பழுதாகிப் பன்னிரண்டு நாள் நின்றபோது, வாடை வீசியும் பக்கத்தில் தொங்கிய பழைய கலண்டரில் ஒரு புள்ளிகூட இல்லை.

இராசமலர் கொடுத்த முறைப்பாட்டின் பேரில் பிரதேச செயலகத்தில் கூட்டம் நடந்தது. பிள்ளைகளின் இழுப்புக்குக் குசினி விறகுப் புகைதான் காரணம் என்றார் நிலையத்து அதிகாரி. இராசமலர் இரண்டு கலண்டரையும் மேசையில் விரித்தார்.

"அந்தப் பன்னிரண்டு நாளும் என்ரை குசினி எரிஞ்சதுதானே ஐயா. உங்கட மெசின்தான் நிண்டது. பிள்ளைக்கு ஒருக்காலும் இழுக்கேல்லை."

எனக்கு எழும்பிக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மயில்வாகனம் அந்தத் திகதிகளை ஆஸ்பத்திரிப் பதிவோடு ஒத்துப் பார்த்தார். இருபத்தாறு பிள்ளைகள், நெஞ்சு வருத்தக்காரர் ஒன்பது பேர், எல்லோரும் அதே நாட்களில் வந்திருந்தார்கள். அவருடைய அறிக்கை மேலிடம் போனது. இராசமலர் விடவில்லை, மாதம் தவறாமல் போய்க் கேட்டார். அடுத்த வாடைக்கு முன்பே நிலையம் எரிக்கும் டீசலுக்கு அளவு விதித்தார்கள். புகைபோக்கிக்கு வடிகட்டி வந்தது, பகல் மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகள் வந்தன.

இந்த மாசியிலும் வாடை நன்றாகத்தான் வீசியது. பிரஷாந்தினி நானூறு மீற்றர் ஓடினாள். கடைசி வளைவில் இரண்டு பேரை முந்தி முதலாவதாக வந்தாள். கதிரையில் ஏறி நின்று கத்தியதில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. இராசமலர் பதக்கத்தைப் பார்க்கவே இல்லை. மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அங்கேயே அழுதார்.

அன்று மத்தியானம் பிள்ளையின் கோப்பையில் தயிரை அள்ளி அள்ளிப் போட்டார். நான் மெல்லப் போய்க் கலண்டரைப் பார்த்தேன். அன்றைய கட்டத்தில் புள்ளி எதுவும் இல்லை. "பிள்ளை ஓடினவள்" என்று பெரிதாக எழுதியிருந்தது.